லண்டன் பாஸ்போர்ட்: கையெழுத்து ஒருவருடையது, முடிவு வீட்டுடையது

*பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது வேலூர் வட்டாரத்திலிருந்து போன ஒரு தலைமுறை. அதன் பலனும் பாரமும் பாலாற்றங்கரை வீடுகளில்தான் வந்து இறங்குகின்றன. விண்ணப்பிக்கும் முன் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியவை என்னென்ன?*

இங்கிலாந்தில் ஒரு நகராட்சிக் கூடம். சுவரில் மன்னர் மூன்றாம் சார்லஸ் படம், ஓரத்தில் யூனியன் ஜாக் கொடி. நாலைந்து நாடுகளிலிருந்து வந்தவர்கள் நல்ல துணி உடுத்தி நிற்கிறார்கள். மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியைப் பதிவாளர் துண்டு துண்டாகச் சொல்லச் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள். பின் வரிசையில் கணவர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். வீடியோ காலின் மறுமுனை பேரணாம்பட்டு. அங்கே பிற்பகல் மூன்றரை மணி. ஷூ கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த தங்கை, தோல் தொழிற்சாலையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்த அப்பா, திரையை மறைக்காதே என்று பேரனை விலக்கும் அம்மா. தேசிய கீதம் முடிந்து சான்றிதழ் கைக்கு வந்ததும் இரண்டு பக்கமும் கைதட்டல்.

வேலூர் வட்டாரத்திலிருந்து போன ஒரு நர்ஸ் பிரிட்டிஷ் குடிமகள் ஆகும் நாள் ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. அந்த உறுதிமொழி முடியும் கணத்தில் இரண்டு சட்டங்கள் ஒருசேர வேலை செய்கின்றன. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டப்படி அவர் பிரிட்டிஷ் குடிமகள் ஆகிறார். இந்தியாவின் 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி அதே கணத்தில் இந்தியக் குடியுரிமையை இழக்கிறார். இதற்கு மனு வேண்டாம், விசாரணை வேண்டாம், ரத்து உத்தரவும் வேண்டாம். வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றதே போதும்.

முதல் சட்டத்தைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைப் பற்றி, பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் பல வீடுகள் பேசத் தொடங்குகின்றன. பேச்சு அதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

தோல் போன வழியில் ஆட்கள்

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் 19-ஆம் நூற்றாண்டிலேயே சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது. இன்று ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தைக்கும் ஷூ பிரிட்டிஷ் கடைகளில் விற்கிறது. 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான இந்திய - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், தோல் பொருட்களுக்கும் காலணிகளுக்கும் 16 சதவீதம் வரை இருந்த இறக்குமதி வரியை நீக்க வகை செய்கிறது.

ஆட்கள் போனது தனிக் கதை. சுதந்திரத்துக்குப் பிறகு ஜோலார்பேட்டை, அரக்கோணம் ரயில்வே காலனிகளிலிருந்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிளம்பின. அன்றைய 1948-ஆம் ஆண்டு சட்டப்படி, காமன்வெல்த் நாட்டவர் ஓர் ஆண்டு பிரிட்டனில் குடியிருந்தாலே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளலாம். 1962-இல் வந்த சட்டம் அந்தக் கதவை ஒருக்களித்து வைத்தது. அதன் பிறகு விதிகள் இறுகிக்கொண்டேதான் வந்தன.

இன்றைய அலைக்கு வேர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி. 1909-இல் நர்சிங் பள்ளியும் 1946-இல் நர்சிங் பட்டப் படிப்பும் தொடங்கிய இடம் அது. அதைச் சுற்றி வளர்ந்த நர்சிங் கல்லூரிகள், ஐ.இ.எல்.டி.எஸ்., ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி மையங்கள் வழியாகப் பலர் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனைகளுக்குப் போனார்கள். எம்.எஸ். படிக்கப் போன பொறியியல் பட்டதாரிகள் ஒரு பக்கம். 2022-இல் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறந்தபோது, சி.ஓ.எஸ். என்ற ஸ்பான்சர் சான்றுக்கு ஏஜென்ட் கையில் லட்சக்கணக்கில் கொடுத்துப் போனவர்கள் இன்னொரு பக்கம். இந்த மூன்று கூட்டத்துக்கும் குடியுரிமைப் பாதை ஒன்றல்ல.

---
பெட்டிச் செய்தி 1: படிப்படியாக

• வேலை விசாவில் தொடர்ந்து 5 ஆண்டுகள் முடிந்ததும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை (ஊரில் 'பி.ஆர்.' என்பது இதைத்தான்). இதுவரை உள்ள பொதுவான நடைமுறை இது.
• பி.ஆர். கிடைத்து 12 மாதம் கழித்துக் குடியுரிமை விண்ணப்பம். பிரிட்டிஷ் குடிமகனையோ குடிமகளையோ மணந்தவர்களுக்கு இந்த 12 மாதக் காத்திருப்பு இல்லை.
• 5 ஆண்டுகளில் 450 நாளுக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்திருக்கக் கூடாது. கடைசி 12 மாதத்தில் 90 நாளுக்கு மேல் கூடாது.
• விண்ணப்பம் போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக 5 ஆண்டுகளுக்கு முன் அவர் பிரிட்டனில் இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி.
• 'லைஃப் இன் த யுகே' தேர்வு: 45 நிமிடம், 24 கேள்வி, 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. கட்டணம் 50 பவுண்டு.
• பேசவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் பி1 நிலை ஆங்கிலம், நன்னடத்தை, தன்னை நன்கு அறிந்த இருவரின் சான்று.
• ஏற்கப்பட்டால், அழைப்பு வந்த மூன்று மாதத்துக்குள் உறுதிமொழி விழா. 2004 முதல் இந்த விழா நடக்கிறது.
---

'அஞ்சு வருஷம்' என்று சொன்னது யார்?

"அஞ்சு வருஷத்துல பாஸ்போர்ட்." ஏஜென்ட் அலுவலகங்களிலும் கல்யாணப் பேச்சுகளிலும் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. நடப்பு அப்படியில்லை. எல்லாம் ஒழுங்காகப் போனாலும் பி.ஆருக்கு ஐந்து, காத்திருப்புக்கு ஒன்று, விண்ணப்பம் முடிவாக ஆறு மாதம் வரை. ஏழு ஆண்டு என்று வைத்துக்கொள்வதே நல்லது.

எம்.எஸ். படிக்கப் போன பையனுக்கு இன்னும் நீளும். மாணவர் விசாவில் இருந்த காலமும், படிப்பு முடிந்து வேலை தேடும் கிராஜுவேட் விசாவில் இருந்த காலமும் இந்த ஐந்தாண்டுக் கணக்கில் சேராது. ஒரு வருடம் படித்து, இரண்டு வருடம் கிராஜுவேட் விசாவில் இருந்தவருக்கு, ஸ்பான்சர் கிடைத்து வேலை விசா வந்த நாளிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும். பெண் வீட்டாரிடம் "மூணு வருஷமா அங்கதான் இருக்கான், இன்னும் ரெண்டே வருஷம்" என்று சொல்வது தெரியாமல் சொல்லும் தவறு. ஆனால் அதை நம்பி நிச்சயதார்த்தமே நடந்துவிடுகிறது.

பிரிட்டிஷ் மாப்பிள்ளையைக் கட்டினால் மூன்று ஆண்டு என்பதும் பாதி உண்மை. சட்டம் மூன்று ஆண்டுக் குடியிருப்பு என்றுதான் சொல்கிறது. ஆனால் விண்ணப்பிக்கும் நாளில் கையில் பி.ஆர். இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. துணைவர் விசாவில் பி.ஆர். வர ஐந்து ஆண்டாகிறது. அதற்கு முன்னால், ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்டினால்தான் துணைவர் விசாவே கிடைக்கும். 2024 ஏப்ரலில் வந்த வரம்பு இது.

நாள் கணக்கிலும் வீடுகள் இடறுகின்றன. அப்பாவுக்குப் பக்கவாதம் என்று ஓடி வந்து நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பில் குடியாத்தத்தில் தங்கிவிட்ட மகள், திரும்பிப் போனதும் விண்ணப்பம் போட்டால் கடைசி ஆண்டின் 90 நாள் வரம்பைத் தாண்டியிருப்பார். விளக்கம் கொடுத்தால் உள்துறை அமைச்சகம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்; கொடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் விழாவுக்கான 130 பவுண்டு மட்டுமே திரும்பும், மற்றதெல்லாம் போனது போனதுதான். மேல்முறையீட்டு உரிமையும் கிடையாது. ஒவ்வொரு பயணத்தின் போர்டிங் பாஸையும் எடுத்து வைத்து, நாள்களை எண்ணிப் பார்த்து, தேவைப்பட்டால் ஆறு மாதம் பொறுத்து விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

---
பெட்டிச் செய்தி 2: நான்கு பேர் குடும்பத்துக்கு எவ்வளவு?
(2025 ஏப்ரல் கட்டணப்படி. ஒரு பவுண்டு 115 ரூபாய் என்ற கணக்கில்)

• பி.ஆர்.: தலைக்கு 3,029 பவுண்டு. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர்: 12,116 பவுண்டு. சுமார் 13.9 லட்சம் ரூபாய்.
• குடியுரிமை: பெரியவருக்கு 1,605, விழாவுக்கு 130, ஆக 1,735 பவுண்டு. பிள்ளைக்கு 1,214 பவுண்டு. நால்வருக்கும் 5,898 பவுண்டு. சுமார் 6.8 லட்சம் ரூபாய்.
• மொத்தம் 18,014 பவுண்டு. சுமார் 20.7 லட்சம் ரூபாய்.
• தேர்வு, மொழிச் சான்று, பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. (அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) கட்டணங்கள் தனி.

பிரிட்டனில் பிறந்த பிள்ளை என்றால், பெற்றோரில் ஒருவருக்கு பி.ஆர். கிடைத்ததும் நேராகக் குடியுரிமைக்கே பதியலாம்; பி.ஆர். கட்டணம் மிச்சம். கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரலில் மாறும். விண்ணப்பிக்கும் அன்று பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.
---

இந்தக் கட்டணம் நியாயம்தானா என்று பிரிட்டனிலேயே வழக்கு நடந்தது. பிள்ளைகளைப் பதிய வசூலிக்கும் தொகையை எதிர்த்த வழக்கில், அதை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு என்று 2022 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில், கட்ட வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கட்டண விலக்கு வந்தது. நம் குடும்பங்களில் இது தெரிந்தவர்கள் குறைவு.

அம்மா அப்பாவைக் கூட்டிக்கொள்ளலாமா?

பாஸ்போர்ட் வாங்குவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் உருக்கமானது இதுதான்: வாங்கிவிட்டால் பெற்றோரை அங்கே கூட்டிக்கொள்ளலாம். பதில் கசப்பானது. 2012 ஜூலை 9 முதல் நடப்பில் உள்ள விதிப்படி, பிரிட்டிஷ் குடிமகனின் பெற்றோர் என்ற ஒரே காரணத்தால் யாரும் அங்கே குடியேற முடியாது. முதுமையாலோ நோயாலோ குளிப்பது, உண்பது, உடுத்துவது போன்ற அன்றாடக் காரியங்களுக்கே நீண்டகாலம் பிறர் உதவி தேவை என்று காட்ட வேண்டும். அதோடு, பிள்ளை பணம் அனுப்பினாலும் அந்தப் பராமரிப்பு சொந்த ஊரில் கிடைக்காது என்றும் நிரூபிக்க வேண்டும்.

ஆம்பூரில் இருப்பவர் இதை எப்படி நிரூபிப்பார்? வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கலாமே என்று கேட்பார்கள். ஒரு மணி நேரத் தூரத்தில் சி.எம்.சி. இருக்கிறது. பெற்றோருக்கு நடைமுறையில் எஞ்சுவது வருகையாளர் விசா. பத்தாண்டு விசா கிடைத்தாலும் ஒரு தடவைக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. பேரன் பிறப்புக்கும் மருமகளின் பத்தியத்துக்கும் அது போதும். எழுபது வயதுக்குப் பிறகு வரும் ஆண்டுகளுக்குப் போதாது.

பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்போது ஊரிலிருக்கும் ஒருவர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் அது பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட மகளாகவோ, கல்யாணமாகாத தங்கையாகவோ இருக்கிறது. காலை எட்டரைக்கு ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, நாளெல்லாம் ஷூவின் மேற்பகுதியான அப்பர் தைத்து, சாயங்காலம் வந்து அம்மாவுக்கு இன்சுலின் போடுகிறவர் அவர். குடியுரிமை முடிவில் அவரிடம் கேட்கப்படுவதில்லை. கேட்கப்பட வேண்டிய முதல் ஆள் அவர்தான். மாதாமாதம் வரும் பணம் அந்த உழைப்புக்கு ஈடாகுமா, அவர் வேலையை விட நேர்ந்தால் அவருக்கு வருமானம் என்ன, வீடு யார் பெயரில் இருக்கும் என்பதெல்லாம் வெளிப்படையாகப் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள்.

நடுவில் ஓர் இடைவெளி

விழா முடிந்ததிலிருந்து இந்தியப் பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அதைத் தூதரகத்திடம் ஒப்படைத்துச் சரண்டர் சான்று வாங்க வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது வந்த பிறகுதான் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பம். அவசரத்துக்கு இ-விசா உண்டு. அதற்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். விழாவுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இடைப்பட்ட அந்த வாரங்களில் ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தால், கிளம்ப வழியில்லாமல் போகலாம். உடல்நிலை மோசமாக உள்ள பெற்றோர் இருந்தால், விழா தேதியைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

---
பெட்டிச் செய்தி 3: ஓ.சி.ஐ. அட்டை

*கிடைப்பது:* ஆயுள் முழுக்க இந்தியாவுக்கு வந்து போகும் உரிமை; தனியார் துறையில் வேலை; நர்ஸ், மருத்துவர் போன்ற தொழில்களைச் சட்டப்படி செய்ய அனுமதி; வீடு, மனை வாங்கும் உரிமை.

*கிடைக்காதது:* ஓட்டு, தேர்தலில் நிற்பது, அரசு வேலை. விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. ஆனால் இந்தியக் குடிமகனாகவே வெளிநாட்டில் குடியிருப்பவருக்கும் இதே தடை உண்டு. பரம்பரை நிலம் வாரிசுரிமையாக வந்து சேர்வதற்குத் தடையில்லை.

*தகுதியில்லாதவர்:* தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, அவர்களுடைய பெற்றோரோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடியுரிமை பெற்றிருந்தால்.

*திரும்ப வேண்டுமென்றால்:* ஐந்தாண்டு ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்து, ஓராண்டு இந்தியாவில் குடியிருந்தவர் மறுபடி இந்தியக் குடியுரிமை கேட்கலாம். பிரிட்டிஷ் குடியுரிமையை விட வேண்டியிருக்கும்.
---

பிள்ளைகள் பெயரில் எடுக்கும் முடிவு

வேலூரில் பிறந்து, ஐந்து வயதில் அங்கே போய், பன்னிரண்டு வயதில் பெற்றோரோடு பிரிட்டிஷ் குடிமகளாகும் ஒரு பெண் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதில் அவளுக்கு ஆசை, பாட்டி வீட்டில் தங்கி மருத்துவம் படிக்க வேண்டும். 2021 மார்ச் 4 அன்று வெளியான மத்திய அரசு அறிவிக்கையின்படி, ஓ.சி.ஐ. அட்டைக்காரர்கள் நீட் எழுதலாம். ஆனால் வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கான இடங்களுக்கும் கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களுக்கும் மட்டுமே போட்டியிடலாம். அந்தத் தேதிக்கு முன்பே ஓ.சி.ஐ. பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இனி பெறப்போகிறவர்களுக்குப் பொருந்தும். மாணவியின் பொதுப் பிரிவு வாய்ப்பு, அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோதே மூடிவிட்டது.

வளர்ந்த பிறகு, ஓ.சி.ஐ. வழியில் காத்திருக்காமலே, அவளாகவே இந்தியக் குடியுரிமையைத் திரும்பக் கேட்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு வேர் கொண்ட சிங்கப்பூர்க் குடும்பம் ஒன்றின் வழக்கு இதற்கு விடை சொல்கிறது. பெற்றோர் 1998-இல் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார்கள். மகன் 1999-இல் அங்கே பிறந்தார். பெரியவரானதும் இந்தியக் குடியுரிமையை மீட்டுத் தரும்படி கேட்டார். சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றதால் பெற்றோரின் இந்தியக் குடியுரிமை சட்டப்படி தானாகவே நின்றுவிட்டது. அவர்களாகத் துறந்ததாக அது ஆகாது. எனவே துறந்தவர்களின் பிள்ளைகளுக்குச் சட்டம் தரும் மீட்பு உரிமை இங்கே இல்லை என்பது தீர்ப்பின் சாரம்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரிட்டனிலேயே வளர்ந்த பிள்ளைக்குக் குடியுரிமை பெரிய காப்பு. விசா புதுப்பிப்பு இல்லை. நாடு கடத்தப்படும் அச்சம் இல்லை. நாளை அவர்கள் எந்த நாட்டுக்கு வேலைக்குப் போனாலும் திரும்பி வரும் உரிமை போகாது. பிள்ளையின் வாழ்க்கை அங்கேதான் என்று உறுதியானால், பணம் கட்டிப் பதிவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பி.ஆர். மட்டும் போதாதா?

நிறையப் பேருக்குப் போதும். எந்த வேலையும் செய்யலாம், என்.எச்.எஸ். சிகிச்சை உண்டு, பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கலாம். இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், பிரிட்டனில் முறைப்படி குடியிருக்கும் இந்தியக் குடிமக்கள் அங்கே நாடாளுமன்றத் தேர்தல் உட்பட எல்லாத் தேர்தல்களிலும் ஓட்டுப் போடலாம். இதற்குப் பாஸ்போர்ட் மாற வேண்டியதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கேயும் வாக்காளராகப் பதிந்துகொள்ளலாம், நேரில் வந்து வாக்களிக்கலாம்.

பி.ஆருக்குள்ள பலவீனம் ஒன்று: தொடர்ந்து இரண்டு ஆண்டு பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் அது காலாவதியாகும். பெற்றோரைப் பார்க்க ஊருக்கு வந்து மூன்று வருடம் தங்கும் நிலை வந்தால், பி.ஆர். போய்விடும்; குடியுரிமை போகாது. பெற்றோருக்காக நீண்ட காலம் ஊரில் தங்க விரும்பும் நர்ஸுக்கு, முரணாகத் தோன்றினாலும், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ.யும்தான் வசதி. பத்து வருடம் சம்பாதித்து, வாணியம்பாடியில் வீடு கட்டி, பிள்ளைகளை இங்கேயே கல்லூரியில் சேர்த்து நிரந்தரமாகத் தங்க நினைப்பவருக்கு இந்தியப் பாஸ்போர்ட்தான் வசதி.

நடுவழியில் மாறும் விதி

இப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பெல்லாம் பி.ஆர். வரை போய்ச் சேர்பவர்களுக்குத்தான். சேர முடியுமா என்றே தெரியாத நிலையில் இருக்கிறார்கள் பராமரிப்புப் பணியாளர்கள். 2024 மார்ச் 11-க்குப் பிறகு விசா பெற்றவர்கள் குடும்பத்தை உடன் அழைத்துப் போக முடியவில்லை. 2025 ஜூலை 22-இல் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதே நின்றது. 2025 நவம்பர் 20 அன்று பிரிட்டிஷ் உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் முன்வைத்த திட்டம், பி.ஆருக்கான பொதுக் காத்திருப்பைப் பத்தாண்டாக உயர்த்துகிறது. என்.எச்.எஸ். மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஐந்தாண்டு தொடரும் என்கிறது. பராமரிப்புப் பணியாளர் போன்றோருக்குப் பதினைந்து ஆண்டு என்கிறது. ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருப்பவர்களையும் இதில் சேர்ப்பதுதான் அந்தத் திட்டத்தின் நோக்கம்.

முதியவர்களைத் தூக்கி, துடைத்து, ஊட்டி விடும் வேலையை யாரும் செய்ய முன்வராத காலத்தில் அழைக்கப்பட்டவர்கள் இவர்கள். ஐந்தாண்டு என்ற விதியைக் காட்டி அழைத்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பதினைந்து என்பது அநீதி. அவர்கள் உள்ளே வந்த நாளில் இருந்த விதிதான் அவர்களுக்குப் பொருந்த வேண்டும். இதை வலியுறுத்தும் கடமை இந்திய அரசுக்கு இருக்கிறது. வர்த்தக மேசையில் ஷூவுக்கு வரிச்சலுகை கேட்ட உறுதியோடு ஆட்களுக்காகவும் பேச வேண்டும். தமிழ்நாட்டுக்கு 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. ஆள் அனுப்புவதோடு நிற்காமல், ஏழு ஆண்டு கழித்து வரும் இந்த முடிவுக்கும் வேலூரிலும் திருப்பத்தூரிலும் ராணிப்பேட்டையிலும் மாதம் ஒரு நாள் இலவச ஆலோசனை நடத்தினால், ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பும் நிலை மாறும்.

மூன்று கேள்விகள்

அரசின் ஆலோசனை வரும் வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை காணலாம். அம்மா அப்பாவுக்கு முடியாமல் போகும்போது யார் பக்கத்தில் இருப்பார், அவருக்கு நாம் என்ன செய்வோம்? பிள்ளைகள் எந்த நாட்டில் கல்லூரிக்குப் போவார்கள்? பத்து வருடம் கழித்து நாம் எங்கே இருப்போம்? மூன்றுக்கும் விடை பிரிட்டன் பக்கம் சாய்ந்தால், குற்ற உணர்வில்லாமல் விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட் மாறுவதால் யாரும் ஊருக்கு அந்நியராகிவிடுவதில்லை. விடை ஊர்ப் பக்கம் சாய்ந்தால், பி.ஆரோடு நிற்பதில் குறைவொன்றும் இல்லை. விடை தெரியவில்லையென்றால் பொறுத்திருங்கள், பி.ஆர். கையில் இருந்து பிரிட்டனில் வசித்துவரும் வரை, விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்று ஒன்று கிடையாது.

குடியுரிமைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கோ, ஊரிலிருக்கும் தங்கையின் சம்மதத்துக்கோ கட்டம் இல்லை. அவர்கள் பேச வேண்டியதைப் படிவத்தை நிரப்பும் முன்பே கேட்டுவிடுவது, போனவர்களின் கடமை.